வலேரி கேட்டது

ஜொகூரில், செடெனாக்கில் எங்கள் வேலைத்தளத்துக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடையில் வைத்து கமலநாதன் அண்ணன் சொன்ன கதை இது. எங்கள் நிறுவனத்து வேனை ஓட்டுகிறவர் அவர். அவருக்குச் சொன்னது இன்னொரு வேன் ஓட்டுநர். அந்த ஓட்டுநரும் எதையும் கண்ணால் பார்க்கவில்லை; பின்னிருக்கையில் பேசிக்கொண்டதைக் காதில் வாங்கியவர், அவ்வளவுதான்.

“டெசாரு கடல்ல நம்ம பொம்பள ஒருத்தி இருக்கா தம்பி. வேதக்கார பொண்ணு, வலேரின்னு பேரு. பலகைய வச்சு அலையில ஏறி நிக்கக் கத்துக் குடுப்பா. போன மழைக்காலத்துல நம்ம சைட்டு ஆளு ஒருத்தன், மகேஸ்வரன்னு, ஊர்லேருந்து வந்தவன், அவகிட்ட கத்துக்கப் போயிருக்கான். தண்ணிக்குள்ள வச்சு ‘போலாமா’ன்னு கேட்டிருக்கா. அவனும் ‘போலாம்’னு சொல்லியிருக்கான். அவ்வளவுதான், அவ பாட்டுக்குக் கரையேறிட்டா. திரும்பிக்கூடப் பாக்கல. இவன் அப்படியே மெதந்துகிட்டு கெடந்திருக்கான்.”

“அப்புறம்?”

“அப்புறமென்ன, எங்கியோ போய் ஒதுங்கினான். காலெல்லாம் கிழிஞ்சு போச்சு. கொஞ்ச நாள்ல ஊருக்கே போயிட்டான் லா. நீங்க அங்கயா ஆளுங்கள கூட்டிப் போகப் போறீங்க?”

அங்கேதான் கூட்டிப் போவதாக இருந்தேன். எங்கள் பிரிவின் ஆண்டு இறுதிச் சுற்றுலாவுக்கு டெசாரு என்று முடிவாகி, ஏற்பாடுகள் என் தலையில் விழுந்திருந்தன. கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்த பழக்கம் எனக்கு ஊரிலேயே கிடையாது. வேற்று நாட்டில் ஒரு வேன் நிறைய ஆட்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய் ஒருவர் குறைவாகத் திரும்பி வருவதாக நினைத்துப் பார்த்ததும் தட்டை நகர்த்தி வைத்தேன். யாரிடமும் சொல்லாமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதலில் நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவதென்று தீர்மானித்தேன்.

டெசாரு கடல் வெயில் மாதங்களில் சாதுவாக இருக்கும். நவம்பரில் காற்று வடகிழக்காகத் திரும்பியதும் சிவப்புக் கொடி ஏறிவிடும். பிள்ளைகுட்டிகளோடு வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். அலைச்சறுக்குக்காரர்கள் வருவது அப்போதுதான். அங்கே அடியில் பாறை இல்லை, வெறும் மணல். மணல் நகர்ந்துகொண்டே இருப்பதால் அலை உடைகிற இடமும் வாரத்துக்கு வாரம் மாறும். போன ஞாயிறு ஒழுங்காக உடைந்த இடத்தில் இந்த ஞாயிறு நுரை மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும்.

சவுக்கு மரத்தடியில் நீலத் தார்ப்பாய் கட்டி, அதன் கீழ் ஏழெட்டுப் பலகைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் கனத்த உடம்புக்காரர் ஒருவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“வலேரின்னு ஒருத்தங்க இங்கே…” என்றேன்.

“கத்துக்க வந்தீங்களா, கதை கேக்க வந்தீங்களா?”

“இல்லைங்க, எங்க ஆபீஸ்லேருந்து கொஞ்சம் பேர்…”

“ஊர்க்காரரா?” இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே அதுதான் பெயர். எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. “செடெனாக்கா?”

தலையாட்டினேன்.

“அலமாக்,” என்று அலுத்துக்கொண்டு குவளையைக் கீழே வைத்தார். “அப்ப கதைதான்.”

அவர் லியோனார்ட், வலேரியின் கணவர். பக்கத்துத் தங்குவிடுதியில் சமையல்காரர். வாரநாள் முழுக்க அடுப்படியில் நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் மனைவியின் பலகைகளுக்குக் காவலிருப்பார். நீச்சல் தெரியாது. தண்ணீரில் கால் வைக்க மாட்டார்.

வலேரி அப்போது இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இரண்டு சீனப் பெண்களைப் பலகையோடு தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். அலையின் நுரை வந்து சேர்வதற்கு ஒரு கணம் முன்பாகத் தள்ளுகிறார். பெண்கள் எழுந்து, தள்ளாடி, கத்திக்கொண்டே விழுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் கரைக்கு வந்தார். முப்பதுகளின் நடுவில் இருப்பார். உப்பேறிய கூந்தலை இறுக்கி முடிந்திருந்தார். கழுத்திலிருந்த சின்னச் சிலுவை சங்கிலியில் இல்லை, நைலான் கயிற்றில் கோத்திருந்தது.

“யாரு?”

“செடெனாக்குக்காரரு. விசாரணைக்கு வந்திருக்காரு,” என்றார் லியோனார்ட்.

“விசாரிக்கட்டும். கோப்பி குடுத்தியா இல்லையா?”

சுற்றுலா விஷயத்தைச் சொன்னேன். பயப்படும்படி ஒன்றுமில்லையே என்று நான்கைந்து விதமாகக் கேட்டேன். அவர் சலிப்புக் காட்டவில்லை.

“காலு எட்டுற தண்ணியிலதான் நிக்க வைப்பேன். அதுக்கு மேல யாரையும் விடமாட்டேன். இப்பல்லாம் நானே போறதில்ல.”

லியோனார்ட் தார்ப்பாய்க் கயிற்றை எதற்கோ அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

அன்று நான் வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் மறு ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறும். சுற்றுலாவுக்கு முன்னால் கடலைச் சரியாகப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிப் போய் உட்கார்ந்ததில் சேர்ந்ததுதான் வலேரியின் கதை. பாதி அவர் சொன்னது. மீதி லியோனார்ட் குறுக்கே புகுந்து திருத்தியது.

வலேரி பிறந்தது குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில். அவர் பிறந்தபோது அது கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டம். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது செம்பனை, எண்ணெய்ப் பனை, ஆகிவிட்டது. அப்பா மண்டோர். விடிவதற்கு முன்னால் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுக்கிறவர். தோட்டத்தில் அதற்குப் பெரட்டு என்று பெயர். அப்பாவின் குரலுக்குத் தோட்டமே நடுங்கும் என்றார் வலேரி. ஜொகூரில் பெரிய வெள்ளம் வந்த ஆண்டு அவருக்குப் பதினாறு வயது. லயத்து வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததும் அந்த அப்பா சமையலறை மேசைமேல் ஏறி நின்று அழுதிருக்கிறார். வீட்டில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது.

வெள்ளம் வடிந்த பிறகு எல்லோரும் மெத்தை வாங்க ஓடினார்கள். அப்பா பிள்ளைகள் மூவரையும் குளுவாங் நீச்சல் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“வயசுப் புள்ளைய தண்ணியில எறக்குறியேன்னு சொந்தக்காரங்க வந்து சத்தம் போட்டாங்க,” என்றார் வலேரி. “எங்கப்பா என்ன சொன்னாரு தெரியுமா? ‘முங்கிச் செத்தா பொட்டி நீயா செஞ்சு குடுப்ப?’ன்னாரு. அப்புறம் ஒருத்தரும் வாயத் தொறக்கல.”

படிப்பு முடிந்து கூலாய் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. அங்கே உணவுக்கூடத்தில் மீ கோரேங் நூடுல்ஸ் வறுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் லியோனார்ட்.

“எனக்கு மட்டும் ரெண்டு முட்ட போடுவாரு.”

“ஒண்ணுதான் போட்டேன். இவ வருஷா வருஷம் கூட்டிக்கிட்டே போறா.”

“ரெண்டு லா. என் தட்டு, எனக்குத் தெரியாதா?”

கல்யாணத்துக்குப் பிறகு லியோனார்டுக்கு டெசாருவில் வேலை கிடைத்து, இருவரும் பக்கத்திலிருந்த பண்டார் பெனாவாரில் வீடெடுத்தார்கள். வலேரியும் அதே விடுதியில் சலவைப் பகுதியில் சேர்ந்தார். விருந்தினர் மறந்துவிட்டுப் போகும் சாமான்களைச் சலவைப் பகுதிக்குப் பின்னால் ஓர் அறையில் போட்டு வைப்பார்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் யாரும் கேட்டு வராவிட்டால் ஊழியர்கள் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் செருப்பு, குடை, சார்ஜர் என்று எடுத்துக்கொண்டார்கள். வலேரி, வால்பக்கத் துடுப்பு உடைந்த ஒரு நீளப் பலகையைக் கேட்டார். மேற்பார்வையாளர் சிரித்திருக்கிறார்: “எதுக்கு, அயர்ன் பண்ணவா?”

அவருக்குக் கற்றுக்கொடுக்க ஆளில்லை. சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் ஏறுவதையும் விழுவதையும் விடுமுறைக் காலைகளில் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்கள் போன பிறகு இறங்குவார். முதல் மழைக்காலம் முழுக்க விழுந்தது மட்டும்தான். இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு காலை எழுந்து நின்றார்.

“ஒரு மூச்சு நேரம்தான். ஆனா நின்னேன் லா! வீட்டுக்கு ஓடிப் போய் இவர எழுப்பிச் சொன்னேன். இவரு கண்ணக்கூட தொறக்கல. ‘நல்லது, கோப்பி போடு’ன்னாரு.”

“ராத்திரி வேலை பாத்துட்டு வந்து படுத்தவன்ட்ட வந்து நின்னேன் நின்னேன்னா என்ன சொல்றது? நானுந்தான் எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்தேன்.”

அலை உடைகிற இடத்துக்கு அப்பால், பலகைமேல் கால்களைத் தொங்கவிட்டு, முறைவைத்து அலைக்காகக் காத்திருப்பார்கள். வலேரி அதைப் பெரட்டு என்பார். விடிவதற்கு முன்னால் வரிசையாக ஆட்கள், பேச்சுக் கிடையாது, யார் முறை என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கு அதற்கு வேறு பெயர் தோன்றவில்லை. தூரத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும் அலைகளை நெரை என்பார். தோட்டத்தில் மரங்களின் வரிசைக்கு அந்தப் பேர். “மொத நெரைய விடு, மூணாவத எடு.” இவரோடு சேர்ந்து நின்ற மலாய்க்காரர்களும் சிங்கப்பூர்ச் சீனர்களும் இப்போது அதையே சொல்கிறார்கள். ஓர் ஆள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே வந்து நடுவில் “பெரட்டு” என்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அதை மலாய்ச் சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இத்தனையும் சொன்னவர் பெரட்டுக்கு மட்டும் போகவில்லை. நான் போன ஒரு ஞாயிறுகூட அவர் இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டவில்லை. அப்பாலிருந்து கைகாட்டிக் கூப்பிடுவார்கள். பார்க்காதவர்போலத் திரும்பிக்கொள்வார்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு காலையில் மழை பிடித்துக்கொண்டது. கற்றுக்கொள்ள யாரும் வரவில்லை. நாங்கள் மூவரும் தார்ப்பாய்க்குக் கீழே ஒண்டிக்கொண்டிருந்தோம். வலேரி தானாகவே ஆரம்பித்தார்.

“நீங்க கேக்க மாட்டேங்கிறீங்க. நானே சொல்லிடுறேன்.”

“சொல்லணும்னு இல்லைக்கா.”

“சொல்லணும். உங்க ஆளுங்க வர்றாங்க இல்ல?”

போன ஜனவரி. மகேஸ்வரன் நண்பர்களோடு வேனில் வந்திருந்தார். நண்பர்கள் கரையில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் இறங்கியது இவர் மட்டும். நீச்சல் தெரியும் என்றார், தெரியவும் செய்தது. சீக்கிரமே பிடித்துக்கொண்டார். கூடவே சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு பெண்ணும் கற்றுக்கொண்டிருந்தார். அன்று வலேரி இருவரையும் கொஞ்சம் உள்ளே, கழுத்தளவுத் தண்ணீருக்குக் கூட்டிப் போனார். திடீரென்று நீர் வெளிப்பக்கமாக இழுக்கத் தொடங்கியது. அந்தப் பெண் பயந்துபோய் வலேரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினார். மகேஸ்வரன் சற்றுத் தள்ளி, பலகையில் நெஞ்சைப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஒருத்தரத்தான் கொண்டு போக முடியும். அவள விட்டா செத்துடுவா. அவனப் பாத்தேன். பலகைய கெட்டியாப் புடிச்சிருக்கான், மூஞ்சியில பயம் இல்ல. சத்தம் போட்டுக் கேட்டேன், கையத் தூக்கி பதில் சொன்னான். முடியும்னு சொன்னான். அப்புறந்தான் அவள இழுத்துக்கிட்டுக் கரைக்கு வந்தேன். அவள மணல்ல போட்டுட்டுத் திரும்பினா ஆளக் காணோம்.”

“திரும்பிப் பார்க்கவே இல்லைன்னு…”

“எவன் சொன்னான்?” என்றார் லியோனார்ட். இதுவரை நான் அவரிடம் கேட்காத குரல். “இவ பலகைய எடுத்துக்கிட்டு மறுபடி உள்ள போனா. பெரட்டுல நின்ன அத்தன பேரும் தேடுனாங்க. வெளிச்சம் போற வரைக்கும் இவ கரையேறல. நான் இங்க நின்னு கத்துறேன், கேக்கல. அவன் கூட்டாளிங்க தேடுறேன்னு வேன எடுத்துக்கிட்டுப் போனவனுங்கதான், திரும்பி வரல. போலீசுக்கு சொல்லிடலாம்னு போன எடுத்தப்பதான் பீச் கார்டு வந்து சொல்றாரு, அந்தாளு எப்பவோ தஞ்சோங் பாலாவ் பக்கம் கரையேறி, கல்லுல கால அறுத்துக்கிட்டு, மத்தியானமே வேன்ல ஏறிப் போயிட்டான்னு. சொல்லிட்டுப் போக ஒருத்தனுக்குத் தோணல.”

வலேரி பக்கத்துப் பலகையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

“சந்தோஷப்பட்டேன் லா, உயிரோட இருக்கான்னு. அப்புறம் கோவம் வந்துச்சு. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே? நான் கேட்டேனே! ஆம்பளைங்க வாயில அது வராது. அப்புறம் இந்தப் பேச்சு வந்துச்சு. நான் அவன ஏமாத்தி விட்டுட்டு வந்தேன்னு. அவன்தான் அப்படிச் சொல்லிட்டுப் போயிருக்கான். அங்க ஒருத்தன் படுக்கையில படுத்துக்கிட்டு, என்னைய ஒருத்தி சாகவிட்டுட்டுப் போனான்னு நெனச்சுக்கிட்டிருக்கான். அத வச்சுக்கிட்டு நான் எப்படி அங்க போய் நெரைக்கு நிக்கிறது? காலத் தொங்கப் போட்டு உக்காந்தா அவன் மூஞ்சிதான் வருது.”

கமலநாதன் அண்ணன் சொன்ன கதையில் ‘போலாமா’ என்று ஒரு வார்த்தை இருந்தது. வலேரி சொன்னதில் அது இல்லை. எனக்கு அங்கேயே இடித்தது.

“அக்கா, நீங்க கேட்டது என்ன வார்த்தை? அன்னிக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

“என்ன வார்த்தைன்னா? எப்பவும் கேக்குறதுதான். போலேயான்னு கேட்டேன்.”

போலே என்பது மலாய்ச் சொல். முடியும், சமாளிக்கலாம், சரி, பரவாயில்லை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். பின்னால் ஒட்டும் லா வெறும் அழுத்தத்துக்கு. இங்கே தமிழ் பேசுகிறவர்கள் அதைத் தமிழ்ச் சொல்லாகவே புழங்குகிறார்கள். வந்த புதிதில் உணவுக் கடை அம்மா ஒருவர் என் தட்டில் சம்பலை வைத்துக்கொண்டே “போலேயா?” என்று கேட்க, எங்கேயோ போகக் கூப்பிடுகிறார் என்று நினைத்துத் தட்டோடு எழுந்து நின்றிருக்கிறேன்.

“அவர் என்ன பதில் சொன்னார்?”

“போலே லான்னு சொன்னான்.”

“போலே லான்னா? போலாம்னா?”

வலேரி என்னையே பார்த்தார்.

“அவருக்கு மலாய் தெரியாதுக்கா. வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நீங்க போலேயான்னு கேட்டது அவருக்குப் போலாமான்னு விழுந்திருக்கு. கரைக்குப் போலாமான்னு கேக்குறீங்கன்னு நினைச்சு, போலாம்னு சொல்லியிருக்கார். உங்களுக்கு அது…”

“போலே லான்னு விழுந்துச்சு,” என்றார் லியோனார்ட் மெதுவாக.

“சேச்சே. எனக்குத் தெரியாதா? காது நல்லாத்தான் இருக்கு,” என்றார் வலேரி.

லியோனார்ட் எழுந்தார். “இங்கயே நில்லு.” மழையில் இறங்கி மணலில் நடந்தார். அலை வந்து தொடும் ஈரக்கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றுகொண்டார். காற்று பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. திரும்பி, கையைத் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினார்.

“போலே லா!” என்றார் வலேரி என்னிடம். “நல்லாத்தானே கேக்குது.”

லியோனார்ட் இன்னொரு தடவை கத்தினார்.

“இதுவும் போலே லாதான்.”

மூன்றாவது தடவை அவர் கத்தியபோது வலேரி தலையைச் சாய்த்துக் கேட்டார். “இப்ப சொன்னது போலாம்,” என்றார். ஆனால் நிச்சயம் இல்லாத குரலில்.

லியோனார்ட் நனைந்த சட்டையோடு திரும்பி வந்தார்.

“என்ன கேட்டுச்சு?”

“மொத ரெண்டும் போலே லா. கடைசி போலாம்.”

“மூணும் போலாம்தான்டி சொன்னேன்,” என்றார் லியோனார்ட்.

வலேரிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “அட கடவுளே, போலாம்னு சொல்லிட்டு நின்னிருக்கான். நான் கூட்டிட்டுப் போவேன்னு நின்னிருக்கான்…” சொல்லச் சொல்ல சிரிப்பு குறைந்து அப்படியே நின்றுவிட்டது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“நான் திரும்பி வருவேன்னு எவ்வளவு நேரம் பாத்துக்கிட்டிருந்தானோ,” என்றார்.

லியோனார்ட் ஈரச் சட்டையைக் கழற்றிப் பிழிந்தார்.

“அவன் நம்பர் இருக்கா உங்ககிட்ட?” என்று வலேரி என்னைக் கேட்டார்.

என்னிடம் இல்லை. கமலநாதன் அண்ணனுக்கு அனுப்பிக் கேட்டேன். பழைய வாட்ஸப் குழு ஒன்றிலிருந்து தேடி எடுத்து எண்ணை அனுப்பினார். கீழே ஒரு கேள்வி: ‘ஏன் தம்பி, கேஸ் கீஸ் போடப் போறாங்களா?’ இல்லை என்று மட்டும் பதில் போட்டேன்.

எனக்கு உடனே ஆயிரம் கவலை. ஊரில் இப்போதுதான் விடிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை வேறு, தூங்கிக்கொண்டிருப்பார். தெரியாத வெளிநாட்டு எண்ணைப் பார்த்தால் மோசடி என்று நினைத்து வெட்டிவிடுவார். கோபத்தில் இருந்தால்? மறக்கப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதராக இருந்தால்?

“முதல்ல ஒரு மெசேஜ் போட்டுப் பார்க்கலாமேக்கா,” என்றேன்.

“எழுதவா? பேசுனதே தப்பா விழுந்திருக்கு. எழுதுனா எப்படிப் படிப்பானோ? வேணாம். வாயாலதான் சொல்லணும்.”

“நான் வேணா முதல்ல கூப்பிட்டு, இன்னார் பேசணும்கிறாங்கன்னு…”

“நீங்களா அவன விட்டுட்டு வந்தீங்க?”

அவர் தன் கைப்பேசியை எடுத்து, ஈர விரல் திரையில் பிடிக்காமல், துண்டில் துடைத்துக்கொண்டார். எண்ணைப் பதிந்தார். அழைக்கவில்லை.

“என்னன்னு கூப்புடறது? அண்ணேன்னா?”

“உன்ன விட சின்னவன் லா,” என்றார் லியோனார்ட்.

“தம்பின்னா பழக்கமானவ மாதிரி இருக்கும்.”

“சார்னு சொல்லேன்.”

“சார்னா பயந்துகிட்டுப் பேசுற மாதிரி இருக்கும். பயம் ஒண்ணும் இல்ல எனக்கு.” கைப்பேசியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். “பேரச் சொல்லியே கூப்புடுறேன். மகேஸ்வரன், நான் டெசாரு வலேரி பேசுறேன். நான் அன்னிக்கு உங்கள…” நிறுத்தி என்னிடம் திரும்பினார். “உங்க ஊர்ல போலேயாக்கு என்ன சொல்வீங்க? அவனுக்கு வெளங்குற மாதிரி.”

யோசித்தேன். முடியுமா என்றால் போதவில்லை. பரவாயில்லையா என்றால் வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

“சமாளிச்சுக்குவீங்களா,” என்றேன். “அது சரியா வரும்.”

“சமாளிச்சுக்குவீங்களா.” அவர் அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு சத்தமாக. “சமாளிச்சுக்குவீங்களான்னுதான் நான் கேட்டேன். போலாமான்னு இல்ல. நீங்க போலாம்னு சொன்னது எனக்கு முடியும்னு விழுந்துச்சு. நான் திரும்பி வந்தேன். இருட்டுற வரைக்கும் தேடுனேன்.” என்னைப் பார்த்தார். “சரியா?”

“சரிக்கா.”

“இருட்டுற வரைக்கும்னு சொல்லவா, வேணாமா? பெருமைக்கு சொல்ற மாதிரி இருக்குமோ?”

“சொல்லு,” என்றார் லியோனார்ட். “அதத்தான் மொத சொல்லணும்.”

வலேரி சிலுவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் அழைப்பை அழுத்தினார். ஒலிபெருக்கியில் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மணி போகத் தொடங்கியது. காற்று தார்ப்பாயைப் படபடவென்று அடித்ததில் அந்தச் சத்தம் வந்து வந்து மறைந்தது.

“வார்த்த தெளிவா கேக்கணும்,” என்றார் லியோனார்ட். பெரிய துண்டை விரித்து, காற்று வரும் பக்கமாகப் போய், இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டு மனைவிக்கு மறைப்பாக நின்றார். மழை அவர் வெற்று முதுகில் விழுந்தது. துண்டுக்கு உள்பக்கம் சத்தம் அடங்கியது. சொல்லப்போவதை ஒத்திகை பார்ப்பதுபோல் வலேரியின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. அங்கே மணி போய்க்கொண்டிருந்தது.